எண்ணெய்க்கும் பிறந்த ஊர் உண்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கப்பல் இன்ஜின் ரூம் வேலையைப் பற்றி எழுதும்போது, கடலில் எண்ணெய் மிதந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதைப் போல மண்டையை உடைக்கிற வேலை வேறு இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மதுரையில் கடல் இல்லைதான். ஆனால் நாம் சாப்பிடுகிற மீன் ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வருகிறது, நம் சுற்றுப்பட்டு ஊர்ப் பையன்கள் கப்பலில் வேலை பார்க்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இந்த ஒரே விஷயம்தான்.

நடுக்கடலில் எண்ணெய் மிதக்கிறது, அந்த வழியாக எத்தனையோ கப்பல் போகிறது. கொட்டியது இந்தக் கப்பல்தான் என்று எப்படி சார் சொல்ல முடியும்? எண்ணெயில் பெயரா எழுதியிருக்கிறது?
*கல்லூரி மாணவர், திருநகர்*

எழுதித்தான் இருக்கிறது தம்பி. படிக்கிறதுக்கு ஆளும் கருவியும் வேண்டும், அவ்வளவுதான்.

தெற்காவணி மூல வீதியில் நகை வாங்கப் போனால் ஆசாரி உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து மாற்று சொல்வார், பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்கும் அப்படி ஒரு உரைகல் உண்டு. கச்சா எண்ணெய் என்பது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் செத்து மண்ணுக்குள் புதைந்த நுண்ணுயிர்கள், பாசிகள், செடிகொடிகள் வெந்து உருவானது. எந்த இடத்தில் எந்த உயிர் புதைந்தது, எவ்வளவு சூட்டில் வெந்தது என்பதைப் பொறுத்து அதிலிருக்கும் மூலக்கூறுகளின் விகிதம் மாறும். பாக்டீரியாவின் செல் சவ்விலிருந்து வந்த ஹோப்பேன், பாசியிலிருந்து வந்த ஸ்டெரேன் என்று சில மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒலியனேன் என்று ஒன்று உண்டு, அது பூக்கும் தாவரங்களிலிருந்து வருவது. அது கணிசமாக இருந்தால், பூச்செடிகள் பூமியில் பரவிய பிறகு உருவான எண்ணெய் என்று அர்த்தம், நைஜீரியா நதிமுகத்து எண்ணெயும் தென்கிழக்காசிய எண்ணெய்கள் பலவும் அப்படிப்பட்டவை. ஒரு சொட்டு எண்ணெயைக் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தினால் இதெல்லாம் மலைத்தொடர் மாதிரி ஏற்ற இறக்கமான கோடாக வந்து விழும். கடலில் எடுத்த மாதிரியின் கோட்டையும், சந்தேகப்படுகிற கப்பலின் டேங்கில் எடுத்த மாதிரியின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விகிதங்களை ஒப்பிடுவார்கள்.

கடலில் கிடக்கிற எண்ணெய் மாறிவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாறும். லேசான பகுதி முதல் ஓரிரு நாளில் ஆவியாகிவிடும், கொஞ்சத்தை வெயில் சிதைக்கும், கொஞ்சத்தை பாக்டீரியா தின்னும். ஆனால் ஹோப்பேன் மாதிரியானவை லேசில் அசையாது. அதனால்தான் பல வாரம் கழித்துக் கிடைத்த தார் உருண்டையிலிருந்துகூட அடையாளம் எடுக்க முடிகிறது.

ஆய்வகம் ஒரு கை என்றால் வானம் இன்னொரு கை. காற்றடிக்கும்போது தெப்பக்குளத்துத் தண்ணீரில் சின்னச் சின்ன அலை ஓடும் இல்லையா, எண்ணெய் படர்ந்தால் அந்தச் சிற்றலை அடங்கிவிடும். ரேடார் செயற்கைக்கோளுக்கு அலையுள்ள கடல் வெளுப்பாகவும் எண்ணெய் படர்ந்த இடம் கருப்பாகவும் தெரியும், ராத்திரியிலும் மேகத்தை ஊடுருவியும் தெரியும். அப்புறம் அந்தப் படலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். நீரோட்டம் இழுக்கிற இழுப்போடு, காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு எண்ணெய் தள்ளப்படும் என்பது பொதுவான கணக்கு. காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் படலம் காற்றால் மட்டும் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். நம் நாட்டில் இந்த ஓட்டத்தைக் கணித்துச் சொல்வது ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம். பின்னோக்கிப் போய்ச் சேர்ந்த இடத்தில், அந்த நேரத்தில் எந்தக் கப்பல் இருந்தது என்று ஏஐஎஸ் பதிவில் பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பயணம் போகிற 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எல்லாம் தன் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. அதை நடுவழியில் அணைத்துவிட்டால் அந்த இடைவெளியே சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

இவ்வளவும் இருந்தும் வழக்கு இழுபறியாகிறது. பிரேசிலில் 2019 ஆகஸ்ட் கடைசியில் வடகிழக்குக் கரையில் கருப்பு எண்ணெய் ஒதுங்க ஆரம்பித்து மாதக்கணக்கில் ஒதுங்கிக்கொண்டே இருந்தது. யார் கப்பலும் மூழ்கவில்லை, யாரும் தகவல் சொல்லவில்லை. எண்ணெய் வெனிசுவேலா நாட்டுச் சரக்கு என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. ஆனால் கொண்டுபோனது யார்? அங்கே போலீஸ் ஒரு கிரேக்கக் கொடி டேங்கரைச் சொன்னது, கப்பல்காரர்கள் அடியோடு மறுத்தார்கள். எண்ணெயின் பிறந்த ஊர் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் அதே ஊர்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு பத்துக் கப்பல் போயிருக்கும். கப்பலின் டேங்கிலிருந்து எடுத்த மாதிரி கையில் இருந்தால்தான் பேச்சு முடியும். அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, முதலில் பாட்டிலில் பிடி, அப்புறம் கேள்வி கேள்.

ராமேஸ்வரம் போயிருந்தபோது கடற்கரையில் நடந்த என் பேரன் காலில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதுவும் கப்பல் எண்ணெய்தானா?
*வாசகர், உசிலம்பட்டி*

அனேகமாக ஏதோ ஒரு கப்பலின் எண்ணெய்தான் ஐயா. பல நாள் கடலில் உருண்டு, மண்ணும் சிப்பித்தூளும் சேர்ந்து உருண்டையாகிவிடுகிறது. பெரிய டேங்கர்கள் நம் பாக் நீரிணைக்குள் வருவதில்லை, அங்கே ஆழம் போதாது, இலங்கையைத் தெற்கே சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் எண்ணெய்க்கு அந்தக் கவலை இல்லை, நீரோட்டம் கொண்டுவந்து போட்டுவிடும். கோவாவில் மழைக்காலம் நெருங்கும்போது வருடா வருடம் இப்படித் தார் உருண்டை ஒதுங்குகிறது. அரபிக்கடலில் போகிற டேங்கர்கள் சரக்கை இறக்கிவிட்டு டேங்கைக் கழுவி ஊற்றுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அங்குள்ள கடலாய்வு விஞ்ஞானிகள் நான் மேலே சொன்ன அதே மூலக்கூறு ஒப்பீட்டை வைத்துத்தான் சொன்னார்கள்.

பேரன் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டால் போய்விடும். மண்ணெண்ணெய் வேண்டாம், பிள்ளைக்குத் தோல் எரியும்.

கப்பல் எது என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு பெரிய கப்பலுக்குள் எந்த இடத்தில் கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
*பாலிடெக்னிக் ஆசிரியர், திருமங்கலம்*

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி எப்போதுமே இதுதான்: வெளியே வந்தது சரக்கா, கப்பலின் சொந்த எரிபொருளா, மசகு எண்ணெயா? ஊர் ஜனங்கள் டேங்கர் என்றதும் சரக்குத்தான் கொட்டிவிட்டது என்று பதறுவார்கள். 2020 செப்டம்பர் 3 அன்று இலங்கையின் அம்பாறைக்கு நேரே கடலில் நியூ டயமண்ட் என்ற பெரிய டேங்கர் தீப்பிடித்தது, குவைத்திலிருந்து பாரதீப்புக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெய் கொண்டுபோன கப்பல். ஒரு மாலுமி இறந்துபோனார். கடலில் படலமும் தெரிந்தது. ஆனால் அது கப்பலின் சொந்த எரிபொருள், சரக்கு டேங்குகள் தப்பிவிட்டன. அது தப்பியிருக்காவிட்டால் அந்தக் கரை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எங்கள் கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன், கப்பல் பெயர் வேண்டாம். நான் அப்போது மூன்றாம் இன்ஜினியர். ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். விடியற்காலையில் பின்பக்கம் எட்டிப் பார்த்த ஆயிலர் ஓடி வந்தார், தண்ணீரில் வானவில் மாதிரி கலர் கலராகத் தெரிகிறது என்று. ராத்திரி ஒரு விசைப்படகு பக்கத்தில் போனது, அதனுடைய டீசலாக இருக்கும் என்று ஒரு அதிகாரி சொன்னார், சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். சீஃப் இன்ஜினியர் விடவில்லை. ஓதம் திரும்பட்டும் பார்ப்போம் என்றார். நங்கூரம் போட்ட கப்பல் ஓதம் மாறும்போது அப்படியே சுற்றித் திரும்பி நிற்கும். வெளியிலிருந்து வந்த எண்ணெய் என்றால் நீரோட்டம் வருகிற திசையிலிருந்து வரும், கப்பலைத் தாண்டிப் போய்விடும். ஆறு மணி நேரம் கழித்துக் கப்பல் திரும்பிய பிறகும் படலம் எங்கள் பின்பக்கத்திலிருந்துதான் கிளம்பி நீண்டுகொண்டு போனது. அப்போது தெரிந்தது, நம்முடையதுதான்.

வாளியை இறக்கி மேல்மட்டத் தண்ணீரை எடுத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் ஒத்தி எடுத்தோம். கருப்பு இல்லை, லேசான தேன் நிறம். டீசல் வாடை இல்லை. விரலில் தேய்த்தால் நல்லெண்ணெய் மாதிரி வழவழவென்று நின்றது. ஆக மசகு எண்ணெய். மசகு எண்ணெய் கடல் தண்ணீரைத் தொடுகிற இடங்கள் கப்பலில் ரொம்பக் குறைவு. ஒன்று எண்ணெயைக் குளிரவைக்கிற கூலர், அதற்குள் குழாய்களில் கடல் தண்ணீர் ஓடும், ஒரு குழாய் ஓட்டையானால் எண்ணெய் தண்ணீரோடு வெளியே போய்விடும். கூலரை அடைத்துப் பார்த்தோம், படலம் நிற்கவில்லை. மிச்சம் ஸ்டெர்ன் ட்யூப். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கப்பலை விட்டு வெளியே போகிற இடம் அது. உள்ளே எண்ணெய், வெளியே கடல், நடுவில் ரப்பர் சீல். அதற்கு எண்ணெய் கொடுக்கிற மேல்தொட்டியின் கண்ணாடிக் குழாயில் மட்டத்துக்கு நேராக ஒரு நூலைக் கட்டிவிட்டு நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நேரத்தில் இரண்டு விரற்கடை இறங்கியது.

முக்குளிப்பவர் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து கையைக் குவித்துக் காட்டினார், தேங்காய் அளவுக்கு நைலான் வலைக்கயிறு ஷாஃப்டில் சுற்றி, சூட்டில் உருகி இறுகி, சீலை நெம்பிக்கொண்டிருக்கிறது என்று. அதை அறுத்து எடுத்தார்கள், எண்ணெயை மேல்தொட்டியிலிருந்து தாழ்ந்த தொட்டிக்கு மாற்றி அழுத்தத்தைக் குறைத்தோம், படலம் நின்றது. சீல் மாற்ற அப்புறம் உலர்துறைக்குப் போனோம். அன்றைக்கு அந்த விசைப்படகுக்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்திருந்தால், நாங்கள் போன வழியெல்லாம் கடலில் எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டே போயிருப்போம்.

டேங்கரில் சரக்கே குறைந்தால் தேடுகிற விதம் வேறு. ஒவ்வொரு டேங்கிலும் டேப்பை இறக்கி மேலேயிருந்து எண்ணெய் மட்டம் வரைக்கும் உள்ள காலி இடத்தை அளப்பார்கள், ஏற்றின இடத்துக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். வெயிலுக்கு எண்ணெய் விரியும் என்பதால் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத கசிவு இருப்பதாகத் தெரியும், இருக்கிற கசிவு மறைந்துபோகும். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் பாறையில் ஏறிச் சுமார் 37 ஆயிரம் டன் கொட்டிய பிறகுதான் பெரிய டேங்கர்களுக்கு இரட்டைச் சுவர் கட்டாயமானது. நடுவில் இருக்கிற அந்த இடத்தில், சரக்கு இல்லாதபோது கப்பல் நிலையாக நிற்பதற்காகப் பல்லாஸ்ட் என்கிற கடல் தண்ணீரை நிரப்புவார்கள். உள்சுவர் துருப்பிடித்து ஓட்டையானால் சரக்கு அந்தத் தண்ணீரில் கலந்துவிடும். ஆகவே பல்லாஸ்டை வெளியேற்றும் முன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் பம்பை ஓட்டினவர்கள் உண்டு, நல்ல பேர் எடுக்கவில்லை.

எண்ணெய்க் கசிவு என்றாலே டேங்கர்தானே காரணம்?
*வாசகர், செல்லூர்*

இல்லை. 1970-களில் டேங்கர்களிலிருந்து 7 டன்னுக்கு மேல் கொட்டிய சம்பவம் ஆண்டுக்குச் சராசரியாக 79 நடந்தது, 2010-களில் அது 6 ஆகக் குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்ததே, அதற்கு எந்தக் கப்பலும் காரணம் இல்லை, மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்தது. அங்கேயும் முதல் சண்டை யாருடைய எண்ணெய் என்பதில்தான்.

மீனில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்று வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கப்பலில் எண்ணெய் கொட்டினதால் இருக்குமா?
*மீன் கடை வைத்திருப்பவர், நெல்பேட்டை*

இருக்கலாம் அக்கா, ஆனால் அதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். படகின் அடித்தட்டில் தேங்கிய டீசல் ஐஸ் பெட்டியில் பட்டாலே வாடை ஏறிவிடும். ஒரு மீனைத் தோலை உரித்து, நன்றாகக் கழுவி, உப்புகூடப் போடாமல் மூடிவைத்து வேகவிட்டு, மூடியைத் திறந்த உடனே மோந்து பாருங்கள். வாடை போய்விட்டிருந்தால் மேலோடு பட்டது, ஐஸையும் பெட்டியையும் மாற்றச் சொல்லுங்கள். சதையிலேயே வாடை நின்றால் மீன் உயிரோடு இருக்கும்போதே எண்ணெய்த் தண்ணீரில் நீந்தியிருக்கிறது, அதை விற்க வேண்டாம். ஒரே படகு மீனா, நாலைந்து படகு மீனா என்று கேட்டு வையுங்கள். நாலு படகு, ஒரே மீன்பிடி இடம் என்றால் மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கிற கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது. 1554 என்ற இலவச எண்ணில் கூப்பிடச் சொல்லுங்கள். சுத்தமான தண்ணீருக்குப் போய்விட்டால் மீன் உடம்பிலிருந்து வாடை சில வாரத்தில் போய்விடும். சிப்பி, மட்டி வகைகளுக்குத்தான் நாளாகும்.

யார் கொட்டினார்கள் என்று கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? கடல் கெட்டது கெட்டதுதானே?
*வாசகி, வாடிப்பட்டி*

கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அதில்தான் அடுத்த மாதச் சோறு இருக்கிறது அம்மா.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற டேங்கரும் மோதின. எண்ணெய் கொட்டியது டான் காஞ்சிபுரம்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு? ஆரம்பத்தில் பாதிப்பு இல்லை என்று அறிவிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம்தான் என்றார்கள், கடைசியில் சுமார் 196 டன் கன எரிபொருள் எண்ணெய் என்று கணக்கு வந்தது. அதற்குள் கரையெல்லாம் கருப்புக் கூழ். பையன்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி அள்ளிக் கைமாற்றிக் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். டேங்க் அளவை அன்று காலையிலேயே யாராவது ஒழுங்காக எடுத்துச் சொல்லியிருந்தால், மிதவைத் தடுப்புகள் முன்கூட்டியே வந்திருக்கும்.

பணத்துக்கு வருவோம். டேங்கரிலிருந்து கச்சா எண்ணெயோ ஃபர்னஸ் ஆயிலோ கொட்டினால், தப்பு யார் மேல் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கப்பல் உரிமையாளர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. அவருடைய வரம்பைத் தாண்டினால் லண்டனில் இருக்கிற ஒரு சர்வதேச நிதியம் கொடுக்கும். இந்தியா இரண்டிலும் சேர்ந்திருக்கிறது. முக்கியமானது என்னவென்றால், எந்த டேங்கர் என்று தெரியாவிட்டாலும், அது ஒரு டேங்கரிலிருந்து வந்த எண்ணெய்தான் என்று காட்ட முடிந்தால் அந்த நிதியத்திடம் கேட்கலாம். அதைக் காட்டுவது எது? முதல் நாள் பிடித்த பாட்டில்தான்.

எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், கடலோரத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள். கண்ணாடி பாட்டில், நன்றாகக் கழுவிக் காயவைத்தது. ஊறுகாய் பாட்டில் கூடாது, அதில் நல்லெண்ணெய் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக்கும் கூடாது. மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வைத்து மூட வேண்டும். கையால் தொடாமல் சுத்தமான கரண்டியால் அள்ளி, தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது நிறம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும், ஏனென்றால் நிறத்தை வைத்தே அளவு சொல்வார்கள். வெறும் வெள்ளிப் பளபளப்பு என்றால் சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 40 லிட்டர், வானவில் நிறம் தெரிந்துவிட்டால் குறைந்தது 300 லிட்டர். மீனவர்கள் தினசரி விற்ற பில்லையும் எண்ணெய் பட்ட வலையையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கட்டும்.

என் மகன் டேங்கர் கப்பலில் ஜூனியர் இன்ஜினியர். ராத்திரியில் ஒரு குழாயை மாட்டி அழுக்கு எண்ணெயைக் கடலில் விடச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று போனில் சொன்னான். அவன் என்ன செய்ய வேண்டும்?
*ஒரு தாய், மேலூர்*

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் பயப்படுவது சரி. அவர் சொல்கிற குழாய்க்குக் கப்பல்காரர்கள் பாஷையில் மேஜிக் பைப் என்று பெயர். இன்ஜின் ரூமின் அடியில் தேங்குகிற தண்ணீரையும் எண்ணெயையும் பிரிக்கிற கருவி ஒன்று உண்டு, அதன் வழியாக, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத தண்ணீரைத்தான் கடலில் விடலாம். கசடைக் கப்பலிலேயே எரிக்க வேண்டும், அல்லது கரையில் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கருவியைச் சுற்றிக்கொண்டு போகிற குறுக்குக் குழாய்தான் அது.

மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். மாட்டுவார்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது குழாய் இணைப்பின் போல்ட்டுகளைத்தான், பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட பளபளப்பு இருக்கிறதா, அல்லது அந்த ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று. அப்புறம் கடலுக்குப் போகிற குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்ப்பார், கருப்பு ஒட்டினால் முடிந்தது. எரித்த கன எண்ணெயில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு கசடு வந்தே தீரும், அந்தக் கசடு எங்கே என்று எண்ணெய்ப் பதிவேட்டில் கணக்குப் பார்ப்பார். கடைசியில் பொய்க் கணக்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஜெயிலுக்குப் போன இன்ஜினியர்களும் உண்டு.

2013-ல் கரீபியன் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஓர் இன்ஜினியர் இதே மாதிரி குழாயைப் பார்த்தார். கப்பல் சவுத்தாம்ப்டன் போய்ச் சேர்ந்ததும் வேலையை விட்டு இறங்கி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். வழக்கு அமெரிக்கா வரை போய், 2016 டிசம்பரில் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அமெரிக்கச் சட்டப்படி தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதி வரை வெகுமதியாகக் கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். குழாயைத் தொட வேண்டாம், பொய்ப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டாம். தேதி, நேரம், கப்பல் இருந்த இடம், சொன்னது யார் என்று தன் சொந்த நோட்டில் அன்றன்றைக்கு எழுதி வைக்கட்டும். கப்பலில் இருக்கும்போது தனியாகச் சண்டைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியிலும் கரையில் ஒரு பொறுப்பு அதிகாரி இருப்பார், அவர் எண் கப்பலில் ஒட்டியிருக்கும், அவரிடம் எழுத்தில் சொல்லட்டும். அவரும் அசையவில்லை என்றால், அடுத்த துறைமுகத்தில் ஆய்வுக்கு வருகிற அதிகாரியிடம் தனியாகச் சொல்லலாம்.

என் முகவரியைப் பத்திரிகை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, பசுமலையில்தான் இருக்கிறேன். மகன் அடுத்த தடவை போன் பண்ணும்போது என் எண்ணைக் கொடுங்கள், எந்த நேரமானாலும் பேசச் சொல்லுங்கள்.